வரிசையில் நின்ற கடிதம்

இந்தப் பக்கத்தில் வழக்கமாகத் தையல், கோழி வளர்ப்பு, வீட்டுத்தோட்டம் என்று சகோதரிகள் தங்கள் அனுபவங்களை எழுதுவார்கள். நான் ஒரு பிரின்டரைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காமல் கடைசி வரை வாசியுங்கள். உங்கள் ஊரிலும் ஒரு மாதர் சங்க அறையில் பழைய கணனி ஒன்று துணி போர்த்தபடி கிடக்கக்கூடும். அதை எடுத்து வேலைக்கு வைக்க முடியும். ஆனால், நான் செய்த பிழையை நீங்கள் செய்யாமல் இருக்க வேண்டும்.

எங்கள் சங்க அறை டிக்கோயாக் கடைவீதியில், ஒரு கடையின் மேல்மாடியில் இருக்கிறது. அட்டனில் இருந்து நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் போகும் பஸ்கள் கீழே நின்று போகும். விண்ணப்பம் நிரப்புவது, கடிதம் டைப் செய்வது, போட்டோக் கொப்பி எடுப்பது, இவைதான் எங்கள் தொழில். வனராஜா, தரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து பெண்கள் கொழுந்துச் சாக்கைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே வருவார்கள். கடையில் ஒரு பக்கத்துக்குக் கேட்கும் காசில் பாதிதான் வாங்குவோம். அதில்தான் அறை வாடகையும் இரண்டு பேரின் சிறு சம்பளமும் வர வேண்டும்.

வருகிற கடதாசிகள் எப்படிப்பட்டவை என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். மலையகத்தில் ஒரு மனிதரின் வாழ்க்கையே கடதாசிதான். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தா காலத்து ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து குடும்பங்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் மிச்சம் இருந்தவர்களின் பிரச்சினை தீர்ந்தது. அதற்குள் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று ஆகிவிட்டது. வேலையில் இருந்து விலகிய ஒரு தாய் தன் ஈ.பி.எப். காசை எடுக்க வேண்டுமென்றால், மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். கிளங்கன் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் கடிதம், சமுர்த்திக்கு, இப்போது அஸ்வெசுமவுக்குக் கொடுக்கும் மேன்முறையீடு, பிள்ளையின் பள்ளிக்கூட அனுமதி, எல்லாம் எங்கள் அறையைத் தாண்டித்தான் போகும்.

இன்னொரு விதமான கடிதமும் வரும். யுத்தம் வடக்கிலும் கிழக்கிலும் நடந்தது என்றுதான் பொதுவாகப் பேசுகிறார்கள். கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போன எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் சந்தேகத்தில் பிடிபட்டார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு இங்கிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் கடைசி யுத்தத்துக்குள் அகப்பட்டன. என் குடும்பமும் அதில் ஒன்று. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் எந்த வரிசையில் நின்றாலும் ஒரு கடதாசி கேட்டார்கள். என்னிடம் ஒன்றும் இல்லை. கடதாசி இல்லாத பெண்ணை எப்படிப் பார்ப்பார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டிக்கோயாவுக்குத் திரும்பி வந்து இந்த வேலையில் நான் ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரின்டருக்கு வருகிறேன். எங்களிடம் மேசைக் கணனிகள் மூன்றும் சிறிய லேசர் பிரின்டர் ஒன்றும் இருந்தன. பிரின்டர் ஒரு கணனியில் மாட்டியிருக்கும். மற்றதில் டைப் செய்ததை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வந்து, அங்கே இருப்பவரை எழுப்பி, அடிக்க வேண்டும். பென் டிரைவோடு வைரஸும் வரும். ஒரு நாள் கடிதங்கள் இருந்த கோப்புறை எல்லாம் மறைந்து குறுக்குவழிகளாக மாறிவிட்டன. வயர் இல்லாமல் எல்லோரும் பாவிக்கக்கூடிய புதிய பிரின்டருக்கு விலை கேட்டோம். 2022 நெருக்கடிக்குப் பிறகு அந்த விலை எங்கள் மூன்று மாத வருமானத்தையும் தாண்டி நின்றது. கடதாசிக் கட்டின் விலையே தலையைச் சுற்றவைத்த காலம். அந்த வருடம் மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பரீட்சையே தள்ளிப்போனது நினைவிருக்கும்.

மூன்றாவது கணனி மிகப் பழையது. அதில் வின்டோஸ் ஏறி முடிய ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிடலாம். எங்களோடு வேலை செய்யும் பிள்ளை, அட்டனில் கணனி வகுப்புக்குப் போய் வந்தவள், ஒரு நாள் சொன்னாள்: "அக்கா, இது சும்மா கெடக்குறதுதானே. இதுல லினக்ஸ் போட்டு பிரின்டருக்குக் காவலா வச்சிருவோம். மத்த ரெண்டும் இது கிட்ட கேட்டு அடிச்சுக்கும்." எவ்வளவு காசு என்றேன். இலவசம் என்றாள். இலவசம் என்ற சொல் என் காதில் நிவாரணம் என்றுதான் விழும். வரிசை, பதிவு, பழுதான பருப்பு. அதனால் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

அவள் விடவில்லை. டெபியன் என்ற லினக்ஸை பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஏற்றிவிட்டாள். அதன் மேல் கப்ஸ் என்ற ஒன்றைப் போட்டாள். பிரின்டருக்கு வரும் வேலைகளை வாங்கி, வரிசையில் நிறுத்தி, பிரின்டருக்கு விளங்கும் பாஷைக்கு மாற்றி, ஒவ்வொன்றாக அனுப்புவதுதான் கப்ஸின் வேலை. ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டு கொடுக்கும் ஆளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக்கல் ஸ்வீட் என்ற அமெரிக்கர் எழுதி 1999 இல் வெளியிட்டது. 2002 இல் ஆப்பிள் கம்பனி தன் கணனிகளிலும் இதைச் சேர்த்துக்கொண்டது, 2007 இல் அதை வாங்கியும் விட்டது. ஆனாலும் எல்லோரும் எடுத்துப் பாவிக்கும் உரிமை போகவில்லை. 2019 இல் அவர் ஆப்பிளை விட்டு வந்த பிறகு ஓப்பன் பிரின்டிங் என்ற தொண்டர் குழுவோடு சேர்ந்து வளர்க்கிறார். எங்கள் மேல்மாடியில் ஓடுவதும் பெரிய கம்பனிகளில் ஓடுவதும் ஒரே சாமான்தான் என்று அறிந்தபோது என் நிவாரணப் பயம் கொஞ்சம் தணிந்தது.

அமைப்பது நான் நினைத்த அளவு கஷ்டமில்லை. கஷ்டமான இடங்கள் நாலைந்து இருக்கின்றன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

கப்ஸுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. இணையப் பக்கம் திறக்கிற மாதிரியே, அந்தக் கணனியில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து, முக்காற்புள்ளி போட்டு, 631 என்று போட்டால் திறக்கும். அதில் 'பிரின்டரைச் சேர்' என்று அழுத்தினால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். சரியாகத்தான் கொடுத்தோம். திருப்பித் திருப்பி மறுத்தது. அந்தப் பெயரை எல்பிஅட்மின் என்ற குழுவில் முதலில் சேர்க்க வேண்டும் என்பது அடுத்த நாள்தான் தெரிந்தது. வீட்டில் இருக்கிற எல்லோரும் பெட்டியைத் திறக்க முடியாது, சாவி வைத்திருப்பவர் வேறு. அதுதான் விஷயம்.

அடுத்தது, பகிர்வு. 'இந்தக் கணனியில் மாட்டிய பிரின்டர்களைப் பகிர்' என்று பொதுவாக ஓர் இடத்தில் அடையாளம் போட வேண்டும். பிரின்டரைச் சேர்க்கும்போது 'இந்தப் பிரின்டரைப் பகிர்' என்று இன்னோர் இடத்திலும் போட வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை மறந்தால் பக்கத்து மேசைக் கணனிக்குப் பிரின்டர் கண்ணில் படாது. நாங்கள் மறந்தோம்.

மூன்றாவது, கடதாசி அளவு. எங்கள் பாவனை ஏ4. கப்ஸ் பல நேரம் அமெரிக்க லெட்டர் அளவைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். கடிதம் அனுப்பினோம், பிரின்டரில் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது, கடதாசி மட்டும் வரவில்லை. அது லெட்டர் கடதாசி வரும் வரை காத்திருந்திருக்கிறது! பிரின்டரின் அமைப்பில் ஏ4 என்று மாற்றியதும் ஓடியது. இதற்கு ஒன்றரை நாள் போனது.

விலாசம் இன்னொன்று. ரவுட்டர் ஒவ்வொரு கணனிக்கும் ஓர் எண் கொடுக்கிறது. கரண்ட் போய் வந்தால் எண் மாறும். மாறினால் மற்றக் கணனிகள் பழைய விலாசத்தில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ரவுட்டருக்குள் போய், இந்தக் கணனிக்கு எப்போதும் இதே எண்தான் என்று நிலையாக எழுதிவிட வேண்டும். வின்டோஸ் கணனியில் அந்த எண், 631, பிரின்டரின் பெயர் இவற்றைக் கொடுத்துச் சேர்க்கலாம். டிரைவர் கேட்டால் பொதுவான போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் ஒன்றைக் காட்டினால் போதும், மிச்ச மாற்றத்தை லினக்ஸ் பக்கம் பார்த்துக்கொள்ளும். வைபையில் இருக்கும் கைத்தொலைபேசியில் இருந்தும் அடிக்கலாம் என்பது பிறகு தெரிந்தது. வட்ஸ்அப்பில் மகன் அனுப்பிய சான்றிதழை அம்மா அங்கேயே நின்று அடித்து எடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தமிழ் எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். பழைய கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்தில் இருக்கும். அந்த எழுத்து இல்லாத கணனியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். யூனிகோடில் டைப் செய்து, பீ.டி.எப். ஆக்கி அனுப்பினால் எழுத்தும் கூடவே போகும், எங்கே அடித்தாலும் ஒன்றுபோல வரும். டிக்கோயாவில் இன்னொரு தொல்லை பனி. மே தொடக்கம் தென்மேற்குப் பருவக்காற்று மழை வந்தால் கடதாசி ஈரத்தை இழுத்துச் சுருளும், உள்ளே போய்ச் சிக்கும். தட்டில் இருபது தாளுக்கு மேல் வைப்பதில்லை. மிச்சம் பொலித்தீன் பையில் கட்டி பிஸ்கட் டின்னுக்குள்.

இவ்வளவும் சரிவந்த பிறகும் ஒன்று சரிவரவில்லை. கரண்ட் போய் வந்தால் பிரின்டர் ஊமையாகிவிடும். விளக்கு எரியும், சத்தம் வரும், ஒரு தாளும் வராது. காரணம் இதுதான்: சில சிறிய மலிவான லேசர் பிரின்டர்களுக்குத் தங்களை இயக்கும் புரோகிராமை உள்ளே வைத்திருக்கும் ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் கணனிதான் அதை ஊட்டிவிட வேண்டும். வின்டோஸில் கம்பனியின் டிரைவர் நமக்குத் தெரியாமல் இதைச் செய்கிறது. லினக்ஸில் அந்தப் புரோகிராம் துண்டைத் தனியாக இறக்கி வைக்க வேண்டும், அது கம்பனியின் பூட்டிய சொத்து, திறந்து பார்க்க முடியாது. இதோடு இன்னொன்று: அடிப்பது ஒரு முறை தவறினால் கப்ஸ் அந்த வரிசையையே நிறுத்திவிடும். யாராவது பக்கத்தைத் திறந்து 'தொடர்' என்று அழுத்தும் வரை நின்றபடியே இருக்கும்.

பிள்ளை இரண்டையும் தீர்த்தாள். பிரின்டர் எழும்பியதும் லினக்ஸ் தானாகவே புரோகிராமை ஊட்டுவதற்கு ஒழுங்கு செய்தாள். தவறினால் நிற்காதே, திரும்பத் திரும்ப முயற்சி செய் என்று வரிசையின் விதியையும் மாற்றினாள். கரண்ட் வந்ததும் கணனியும் தானாக எழும்பும்படி வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் மெயின் சுவிட்சைப் போட்டுப் பூட்டிப் பார்த்து, கைதொடாமல் தாள் வெளியே வருவதைக் கண்டு கைதட்டினோம். அன்று கறிபணிஸ் வாங்கிச் சாப்பிட்டோம்.

பூட்டிய புரோகிராமைப் பற்றி வாசிக்கும்போது அவள் ஒரு கதையைக் கண்டுபிடித்தாள். 1980 அளவில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு ஜெரொக்ஸ் கம்பனி ஒரு லேசர் பிரின்டரைக் கொடுத்தது. அது வேறு மாடியில் இருந்தது, அடிக்கடி கடதாசி சிக்கும். முன்பிருந்த பிரின்டரில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்ற இளைஞர், சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி புரோகிராமை மாற்றி வைத்திருந்தார். புதியதில் அதைச் செய்ய மூலப் புரோகிராம் இல்லை. அதை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டார். கொடுக்கமாட்டேன் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்தக் கோபம் மனதில் கிடந்து, 1983 செப்டெம்பரில் எல்லோரும் திறந்து பார்த்து மாற்றக்கூடிய மென்பொருள்களை எழுதும் ஞூ திட்டத்தை அறிவித்தார். 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் அதோடு சேர்ந்துதான் இன்று எங்கள் மேசையில் இருக்கிறது. 1983 என்றால் எங்களுக்கு ஜூலை. அதே வருடத்தில் தூரத்தில் ஒருவர் பிரின்டர் கோபத்தில் இருந்து இப்படி ஒன்றைத் தொடங்கியிருக்கிறார் என்பது எனக்கு விசித்திரமாக இருந்தது. எங்கள் நாட்டிலும், 2004 சுனாமி வந்த கையோடு கொழும்பில் கணனி படித்தவர்கள் காணாமல் போனோரையும் முகாம்களையும் பதிய சகானா என்ற திறந்த மென்பொருளை எழுதினார்கள். ஸ்டோல்மனின் அமைப்பு 2006 ஆம் ஆண்டுக்கான சமூகநல விருதை அதற்குக் கொடுத்தது.

இனி என் பிழை.

ஒரு சித்திரை மாதப் பின்னேரம். அந்த மாதத்தில் இங்கே மத்தியானத்துக்குப் பிறகு இடி இடிக்காத நாள் குறைவு. ஓர் அம்மா வந்தார். அவரது மகன் 2008 இல் கொழும்பில் கடையில் வேலை செய்தபோது காணாமல் போனவர். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த காணாமல் போனோர் அலுவலகத்துக்கு முன்பே ஒரு கடிதம் எழுதியிருந்தோம். இந்த முறை அவர் புதிதாக ஒன்றைச் சொன்னார். இத்தனை வருடமாக யாருக்கும் சொல்லாதது. தோட்டத்து ஆள் ஒருவரைப் பற்றியது. அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுதமாட்டேன். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். இரண்டு பக்கம். இரண்டு பிரதி என்று அழுத்தினேன். பளீரென்று மின்னியது, கரண்ட் போனது. சர்வர் கணனியின் யூ.பி.எஸ். பற்றரி ஏற்கெனவே செத்திருந்தது. அரை மணித்தியாலம் இருந்து பார்த்தோம். அவருக்குக் கடைசி பஸ். "நாளைக்கு வாறேன் புள்ள, பத்திரமா வச்சிரு" என்றார். என் கணனியில் பத்திரமாகத்தான் வைத்தேன். அடித்த கட்டளை எங்கே போனது என்று நான் யோசிக்கவே இல்லை.

அடுத்த நாள் காலை நான் நுவரெலியாக் கச்சேரிக்குப் போயிருந்தேன். பிள்ளை அறையைத் திறந்து மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கினாள். போட்டோக் கொப்பிக்கு வந்த நாலைந்து பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். சர்வர் தானாக எழும்பியது. பிரின்டர் எழும்பியது, புரோகிராமை வாங்கிக்கொண்டது. கப்ஸ் தன் வரிசையைப் பார்த்தது. வேலை வரிசை டிஸ்கில் எழுதப்படுவது, கரண்ட் போனாலும் அழியாது. நாங்கள் கைதட்டியபடியே, கைதொடாமல், நாலு தாளும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. அந்த அம்மாவின் லயத்தில் இருந்து வந்திருந்த ஒரு பெண் தன்னுடையது என்று நினைத்தோ, நினைக்காமலோ, எடுத்துப் பார்த்தாள்.

பின்னேரம் ஆறு மணிக்கு முன் லயம் முழுவதும் தெரிந்துவிட்டது.

பிள்ளை அழுதாள். தன் குற்றம் என்றாள். நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன் என்பதை மறைக்கக் கூடாது, இரண்டு வார்த்தை கடுமையாகவும் பேசிவிட்டேன். வாசித்த பெண்ணையும் ஏசினேன். பிறகு இரவில் உட்கார்ந்து யோசித்தால், அந்தத் தாள்கள் அடிபடும்படி அழுத்தியவள் நான். அழுத்தியதை ரத்துச் செய்யாமல் வீட்டுக்குப் போனவளும் நான்தான். கரண்ட் போனால் வரிசை நின்றுவிடும் என்ற அந்தப் பழைய 'கரைச்சல்' இருந்திருந்தால் கடிதம் உள்ளேயே கிடந்திருக்கும். அதைக் கரைச்சல் என்று நினைத்து எடுத்துவிட்டோம்.

அதன் பிறகுதான் நாங்கள் கப்ஸை ஒழுங்காகப் படித்தோம். அடித்து முடிந்த கடிதமும் உடனே அழிவதில்லை. அமைப்பில் ஒன்றும் சொல்லாவிட்டால் அந்தக் கோப்பை 86,400 செக்கன், அதாவது ஒரு முழு நாள், அது வைத்திருக்கும். திரும்ப அடிக்க வசதியாக. கடைக்கு அது வசதி. எங்களுக்கு அல்ல. யார், எந்தத் தலைப்பில் அடித்தார் என்ற பதிவும் இருக்கும். அந்தத் தலைப்பை மற்றவர்களுக்குக் காட்டாமல் மறைக்கும் வழக்கம் கப்ஸுக்கு இருப்பது நல்லது. ஆனால், சாவி உள்ளவர் பார்க்கலாம். சாவி எங்கள் சங்கத்தில் நாலு பேரிடம் இருந்தது.

செய்தது இவ்வளவு. முடிந்த வேலையின் கோப்பையும் பதிவையும் வைக்காதே என்று அமைப்புக் கோப்பில் இரண்டு வரி. அடிப்பது தவறினால் திரும்ப முயற்சி செய்யாமல் அந்த வேலையைக் கைவிடு என்று வரிசையின் விதி. கணனி எழும்பும்போது வரிசையில் கிடப்பவை அனைத்தையும் கோப்போடு துடைக்கும் ஒரு கட்டளை. துடைப்பதற்குள் பிரின்டர் முந்திவிடக் கூடாது என்பதால், கரண்ட் போனவுடன் பிரின்டரின் சுவர் சுவிட்சைக் கையால் பூட்டுகிறோம், சர்வர் எழும்பி ஐந்து நிமிடம் போன பிறகுதான் போடுகிறோம். மட்டை ஒன்றில் எழுதிச் சுவிட்சுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். சாவி இப்போது இரண்டு பேரிடம் மட்டும். பிரின்டரை வாசல் பக்கத்தில் இருந்து எடுத்து அலுமாரிக்குப் பின்னால், டைப் செய்பவர் கை எட்டும் இடத்தில் வைத்தோம். இந்தக் கடைசி வேலைக்கு லினக்ஸ் தேவையில்லை, முதல் நாளே செய்திருக்கலாம்.

வெளியே இருந்து யாரும் 631 ஆம் வாசலைத் தட்ட முடியாதபடி ரவுட்டரில் பூட்டியும் இருக்கிறோம். அறைக்குள் இருக்கிற கணனிகளுக்கு மட்டும் திறப்பு. 2024 செப்டெம்பரில் கப்ஸோடு வரும் ஒரு துணைப் புரோகிராமில் பெரிய ஓட்டை ஒன்று வெளியே தெரிய வந்தது. அந்த வாசலை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தவர்களுக்குத்தான் அதிக ஆபத்து. திருத்தம் வந்ததும் பிள்ளை அன்றே போட்டாள். மாதத்தில் முதலாவது வெள்ளிக்கிழமை புதுப்பிக்கும் நாள் என்று கலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள். 2025 ஒக்டோபர் 14 உடன் வின்டோஸ் 10 க்கு மைக்ரோசொப்ட் கொடுத்த வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் முடிந்துவிட்டதால், எங்கள் மற்ற இரண்டு பழைய கணனிகளையும் லினக்ஸுக்கே மாற்றினோம். லிப்ரே ஆபிஸில் டைப் செய்யப் பழக எனக்கு இரண்டு வாரம் எடுத்தது.

அந்த அம்மாவிடம் நான் போனது சம்பவம் நடந்து மூன்றாம் நாள். கடிதத்தை ஒரு கவரில் ஒட்டிக் கொண்டுபோனேன். லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். எப்படி நடந்தது என்று பிரின்டர், வரிசை, கரண்ட் என்று நான் விளக்கத் தொடங்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "மெசினு என்னா செய்யும் புள்ள. நீ வச்சிருக்கேன்னு சொன்ன" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கவரை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். டீ தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஐந்து மாதம் அவர் வரவில்லை. அந்தக் கடிதத்தை அனுப்பினாரா என்று நானும் கேட்கவில்லை. வாசித்த பெண் எப்போதும் போல வந்து போட்டோக் கொப்பி எடுத்துப் போனாள், நாங்களும் எடுத்துக் கொடுத்தோம், வேறு என்ன செய்வது. புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை அந்த அம்மா படியேறி வந்தார். பேத்தியின் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் என்றார். நிரப்பி முடித்து அடிக்கப் போகும்போது எழுந்து அலுமாரிக்குப் பின்னால் வந்து, பிரின்டரின் தட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தாள் சூட்டோடு அவர் கைக்குள் வந்து விழுந்தது. "இன்னும் இருக்கா உள்ள?" என்று கேட்டார். பிள்ளை கப்ஸின் பக்கத்தைத் திறந்து, ஒன்றும் இல்லாத வரிசையை அவருக்குக் காட்டினாள். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மடியில் இருந்து ஒரு பழைய கவரை எடுத்தார். நான் ஒட்டிக் கொடுத்த அதே கவர். இன்னும் பிரிக்கப்படவில்லை.

"இதுல திகதிய மாத்தணும்" என்றார்.